வெல்லம் போட்ட வாளி

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால், விடிந்து கொஞ்ச நேரம் கழித்து, காபித் தம்ளரோடு முன்னறைக்கு வந்தேன். தரையில் கால் வைத்த இடம் சில்லென்றிருந்தது. மீன் தொட்டியின் இரும்பு ஸ்டாண்டுக்குக் கீழேயிருந்து தண்ணீர் ஓடி வாசல்படி வரைக்கும் போயிருந்தது. நேற்று விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்ற தண்ணீர் நாலு விரல் இறங்கிவிட்டது. கீழ் மூலையில் இரண்டு கண்ணாடிகள் சேருகிற இடத்தில் ஒட்டுப்பசை ஒரு சாண் நீளத்துக்குப் பெயர்ந்து வெளியே தொங்கியது. அந்த வழியாகத் தண்ணீர் நூல் பிடித்தாற்போல் இறங்கிக்கொண்டிருந்தது.

உள்ளே ஐந்து தங்க மீன்கள். நான்கு செந்நிறம், ஒன்று வெள்ளை. வெள்ளைதான் சிறியது. வழக்கம்போல் என்னைப் பார்த்ததும் ஐந்தும் முன்கண்ணாடிக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அவற்றுக்குச் சோற்று நேரம்.

காபியைக் கீழே வைத்துவிட்டு நான் முதலில் பார்த்தது மீன்களை அல்ல. தொட்டியின் தலையில் உட்கார்ந்திருக்கும் ஃபில்டர்ப் பெட்டியைப் பார்த்தேன். மோட்டார் இன்னும் தண்ணீரை இழுத்துக்கொண்டிருந்தது. பெட்டிக்குள் இருந்த இரண்டு பஞ்சுகளும் நனைந்திருந்தன. அப்பாடா என்றிருந்தது. மீனைப் பிடித்து வாளியில் விட்டால் பிழைத்துக்கொள்ளும், அது யாருக்கும் தெரிந்ததுதான். அந்தப் பஞ்சு செத்துப்போனால் வாளியில் இருந்தாலும் சரி, புதுத் தொட்டியில் இருந்தாலும் சரி, மீன் பத்து நாளைக்குத் தாங்காது. இது அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். பாக்டீரியா என்கிற வார்த்தையைப் பள்ளிக்கூடத்தில் கேட்டதில்லை, வேலை செய்த இடத்தில்தான் கேட்டேன். சாயப்பட்டறைகளின் கழிவுத் தண்ணீரைச் சுத்தம் செய்கிற நிலையம் ஒன்றில் பதினோரு வருடம் உதவியாளாக இருந்தேன். அங்கே கிணறு அகலத்துக்கு நாலைந்து மடங்கு பெரிதாக ஒரு சிமென்ட் தொட்டி. அடியிலிருந்து பிளோயர் காற்றை ஊதிக்கொண்டே இருக்கும். தண்ணீர் செம்மண் நிறத்தில் சாம்பார் போலக் கொதிக்கும், ஆனால் சூடிருக்காது. அந்தத் தண்ணீருக்குள்தான் அவை இருந்தன. கழிவைத் தின்பது அவற்றின் வேலை. அவற்றைச் சாகாமல் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை.

ஒரு சமயம் சாயப்பட்டறைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. கழிவுத் தண்ணீர் வரவில்லை. கழிவு இல்லையென்றால் அவற்றுக்குத் தீனி இல்லை. அப்போது தினமும் காலையில் நானும் இன்னொருத்தியும் மாட்டுச்சாணத்தைக் கரைத்து, மண்டை வெல்லத்தை உடைத்துப் போட்டுக் கலக்கி, பக்கெட் பக்கெட்டாக அந்தத் தொட்டியில் ஊற்றுவோம். ஆட்கள் எல்லோரையும் நிறுத்தினார்கள், எங்கள் இரண்டு பேரையும் பிளோயர்க்காரரையும் மட்டும் நிறுத்தவில்லை. பட்டறைகள் திறந்த அன்றைக்கு எங்கள் தொட்டி உயிரோடிருந்தது. பக்கத்து நிலையத்தில் செத்துப்போய், எங்களிடமிருந்து டேங்கர் லாரியில் சேற்றுத் தண்ணீர் வாங்கிக்கொண்டு போய் விதை போட்டார்கள். அதை நான் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

முட்டிவலி வந்து வேலையை விட்டபின் மகனுடைய பனியன் யூனிட்டில், மேஜை ஓரமாக உட்கார்ந்து தைத்த துணிகளில் பிசிறு வெட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். நெருப்பெரிச்சல் என்கிற ஊர்ப்பக்கம் எங்கள் வீடு. கீழே யூனிட், மேலே குடியிருப்பு. இந்த மீன் தொட்டி முதலில் கீழே ஆபீசில்தான் இருந்தது. வெளியூரிலிருந்து ஆர்டர் பேச வருகிறவர்கள் பார்த்தால் நன்றாக இருக்கும் என்று மகன் வாங்கி வைத்தான். மூன்று தடவை மீன் விட்டான். மூன்று தடவையும் பத்துப் பன்னிரண்டு நாளில் மிதந்தன. ஒவ்வொரு தடவையும் தொட்டியைப் பிளீச்சிங் பவுடர் போட்டுப் பளிச்சென்று கழுவி, புதுத் தண்ணீர் பிடித்து, மறுபடி விட்டான். சுத்தம் போதவில்லை என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். எனக்கோ கழுவக் கழுவத்தான் சாகிறது என்று தெரிந்தது. ஆனால் ஆபீசுக்குள் நாலு ஆண்பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும்போது போய்ச் சொல்ல எனக்கு வாய் வராது.

மூன்றாவது தடவையும் செத்து, அவன் தொட்டியைத் தூக்கிப்போடப் போனபோது, “எனக்குக் குடுத்துருப்பா” என்றேன்.

“உனக்கெதுக்கும்மா?”

“சும்மா. பொழுது போகும்.”

“இந்தத் தடவையும் செத்துதுன்னா நேரா காயலாங்கடைதான். சொல்லிட்டேன். ஊட்டுல பொணம் பொணமா அள்ளிக் கொட்டறதுக்கு எனக்கு ஆவாது.”

சரி என்று மேலே தூக்கி வைக்கச் சொன்னேன். மீன் கடைக்காரரிடம் போய், உங்கள் தொட்டியின் அழுக்குப் பஞ்சைப் பிழிந்து ஒரு பாட்டில் கொடுங்கள் என்று கேட்டேன். அவர் சிரித்தார். இருந்தாலும் கொடுத்தார். அதை ஊற்றி, ஒரே ஒரு மீனை விட்டு, நாற்பது நாள் பொறுத்து, மற்றவற்றை ஒவ்வொன்றாக விட்டேன். இரண்டு வருடமாகிறது. ஒன்றுகூடச் சாகவில்லை.

அந்தத் தொட்டிதான் இப்போது ஒழுகியது.

மகன் முந்தின நாளே குடும்பத்தோடு கொமரலிங்கத்துக்கு, மாமியார் வீட்டுக்குப் போய்விட்டான். யூனிட்டுக்குப் பூட்டு. தீபாவளிக்கு எங்கள் ஊர் எப்படியிருக்கும் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். போனஸ் வாங்கின கையோடு தைக்கிறவர், வெட்டுகிறவர், அயர்ன் போடுகிறவர் எல்லோரும் பஸ் ஏறிவிடுவார்கள். கடைகளில் பாதி ஷட்டர் இறங்கிவிடும். மீன் கடைக்காரருக்குப் போன் போட்டேன். அதற்கு முன்னால் வேற்று ஆண்பிள்ளைக்கு நானாகப் போன் போட்டதில்லை, அன்றைக்கு அதையெல்லாம் யோசிக்க நேரமில்லை.

“ஏனுங்கம்மா, நான் ஊர்ல இருக்கறனுங்க. பண்டிகை முடிஞ்சு மூணாம் நாள்தான் கடை தொறப்பனுங்க. அந்த அளவுல புதுத் தொட்டி ஒண்ணு ரெடியா இருக்குது, வந்ததும் கொண்டாந்து வெக்கறன். அதுவரைக்கும் வாளில போட்டு வெச்சுக்குங்க. செத்தாக்கூட நல்ல மீனாப் பாத்துத் தர்றனுங்க.”

செத்தால் நல்ல மீன் தருகிறாராம். போனை வைத்துவிட்டேன். அன்றைக்கோடு சேர்த்து ஐந்து நாள் தாண்டவேண்டும்.

பின்பக்க வீட்டில் குடியிருப்பவள் தெற்குச் சீமைக்காரி, எங்கள் யூனிட்டில் ஓவர்லாக் மெஷினில் தைக்கிறவள். அந்த வருடம் வீட்டுக்காரரை மட்டும் ஊருக்கு அனுப்பிவிட்டு இவள் இருந்துகொண்டாள். சத்தம் போட்டுக் கூப்பிட்டேன். மாவுக் கையோடு ஓடிவந்தாள்.

“ஏ அம்மா! என்ன பெரியம்மா, வீட்டுக்குள்ள குளம் வெட்டியிருக்கீங்க?”

“பேசிட்டு நிக்காத கண்ணு. கையக் கழுவிட்டு வா. சோப்புப் போடாத.”

“சோப்புப் போடாமக் கழுவவா? முறுக்கு மாவு ஒட்டியிருக்கு.”

“பச்சத் தண்ணில நல்லாத் தேச்சுக் கழுவு.”

அவள் போன வேகத்தில் வந்தாள். வரும்போது கீழே யூனிட் வாசலில் கிடந்த பனியன் வேஸ்ட் மூட்டையிலிருந்து இரண்டு கை நிறைய வெள்ளைத் துணியும், வாசல் குழாயடியில் கிடந்த நீலப் பேரலையும் கொண்டுவந்தாள். எங்கள் ஊரில் எது கொட்டினாலும் துடைக்கக் கை தானாகப் பனியன் வேஸ்டுக்குத்தான் போகும். தண்ணீர் பிடிக்கவென்றால் நீலப் பேரல்தான்.

“ரெண்டையும் வெளிய வெச்சுட்டு வா.”

“ஏம் பெரியம்மா? புதுத்துணி, அழுக்கே இல்ல. பேரலையும் கழுவிட்டேன்.”

“அந்தத் துணி வெள்ளையா இருக்குதே, எப்படி வெள்ளையாச்சு? பிளீச்சிங் பண்ணி, மினுமினுப்புக்கு மருந்து போட்டு, மெத்துனு இருக்கோணும்னு இன்னொண்ணு போட்டுத்தான் வருது. அந்தப் பேரல் சாயப்பட்டறைல எதை ஊத்தி வெச்சிருந்த பேரல்னு உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும். நான் அந்தத் தண்ணியில பதினோரு வருசம் நின்னவ.”

“அப்ப தரையத் துடைக்கவாது…”

“தரையத் துடை. தொட்டிக்குள்ள மட்டும் போவக்கூடாது.”

என் பீரோவின் அடித்தட்டில், துவைத்துத் துவைத்துக் கந்தலாகிப்போன என் நூல் சேலை ஒன்று இருந்தது. அதை இரண்டாகக் கிழித்தேன். துவைத்த துவைப்பில் அதில் எந்த மருந்தும் மிச்சமில்லை. தொட்டிக்குப் பதில் என்ன செய்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் தன் வீட்டிலிருந்து ஒரு பெரிய பிளாஸ்டிக் டப் கொண்டுவந்தாள். இன்னும் ஸ்டிக்கர்கூடப் பிரிக்கவில்லை.

“தீபாவளிக்கு நான் எனக்கு வாங்குன டப்பு பெரியம்மா. மத்தவங்கல்லாம் சேலை எடுத்தாங்க, நான் டப்பு எடுத்தேன். பாருங்க, முதல்ல குளிக்கப்போறது உங்க மீனுதான்.”

வேலையை வரிசையாகச் செய்தோம். சாகக் கூடாதது எதுவோ அதை முதலில் எடுக்கவேண்டும், இதுதான் நான் கற்ற முறை. தொட்டியில் மிச்சமிருந்த பழைய தண்ணீரைச் சொம்பால் மொண்டு டப்பில் முக்கால் அளவுக்கு ஊற்றினோம். பிறகு மோட்டாரை நிறுத்தி, ஃபில்டர்ப் பெட்டியிலிருந்து ஒரு பஞ்சைக் கையில் அழுத்தாமல் ஏந்தி எடுத்து, சொட்டச் சொட்ட டப்புக்குள் இறக்கினேன். நல்ல பழுப்பு நிறம், கொழகொழவென்று. மழை பெய்த மண் வாசம். அந்த வாசம்தான் அடையாளம். அழுகின முட்டை நாற்றம் வந்தால் செத்துப்போயிற்று என்று அர்த்தம்.

“ஐய, இது எம்புட்டு அழுக்கா இருக்கு! குடுங்க, குழாய்ல காட்டி ஒரு அலசு அலசித் தாரேன்.”

“தொட்டீன்னா பாரு! அழுக்கில்ல கண்ணு அது. அதுதான் குடித்தனம். குழாய்த் தண்ணியில குளோரின் இருக்குது. ஒரு அலசு அலசுனா அத்தன சனமும் காலி.”

“சனமா?”

“கண்ணுக்குத் தெரியாத சனம். மீன் போடற கழிவு விஷம். அந்த விஷத்தைத் தின்னு தண்ணியைத் தண்ணியா வெக்கறது அதுகதான். மீனுக்கு நான் தீனி போடறன், ஆனா மீனை வளத்தறது அதுகதான்.”

அவள் பஞ்சைக் குனிந்து பார்த்தாள். “எங்க சூப்பர்வைசருகூட இம்புட்டு வேலை பாக்க மாட்டாரு” என்றாள்.

சொம்பில் தண்ணீரோடு ஒவ்வொரு மீனாக மொண்டு டப்பில் விட்டேன். தண்ணீருக்குக் காற்று ஊதுகிற தனி மோட்டார் ஒன்று உண்டு, அதன் குழாயைப் பஞ்சுக்கடியில் வைத்துப் போட்டேன். பஞ்சுக்குத் தண்ணீர் மட்டும் இருந்தால் போதாது. அவற்றுக்கும் மூச்சு வேண்டும். காற்றில்லாமல் ஒரு பொழுது கிடந்தாலே வாடிவிடும். மேலே நூல் சேலையை விரித்துக் கட்டினேன், மீன் துள்ளி விழாமல்.

இரண்டாவது பஞ்சையும் தொட்டியடியில் கிடந்த கூழாங்கல்லையும் போட்டால் டப்பில் மீனுக்கு இடம் நெருக்கும், ஒற்றைப் பஞ்சால் முடியாமல் போனால் அப்போது இந்தப் பஞ்சையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவற்றை ஒரு வாளியில், பழைய தண்ணீரில் மூழ்கவைத்து, காற்று மோட்டாரின் இன்னொரு குழாயை அதில் விட்டேன். காலை பத்து மணிக்கு எல்லாம் முடிந்தது. தொட்டி காலி. ஒரு சொட்டுப் பழைய தண்ணீரையும் வீணாக்கவில்லை, மீந்ததைக் குடங்களில் பிடித்து வைத்திருந்தேன். எனக்கு உடம்பு நன்றாக இருந்தது. பிசிறு வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற உடம்பில்லை அது.

தப்பு அன்றைக்குச் சாயந்திரம் நடந்தது. செய்தது நான்தான்.

டப்பில் மீன் இருக்கிறது. மீன் கழிவு போடும், பஞ்சு தின்னும். வாளியில் மீன் இல்லையே, அந்தப் பஞ்சும் கல்லும் ஐந்து நாளைக்கு எதைத் தின்னும்? இப்படி யோசித்ததும் எனக்குள்ளே பழைய வேலைக்காரி எழுந்துகொண்டாள். கழிவு வராத காலத்தில் என்ன செய்தோம்? தீனி கொடுத்தோம். அதிரசத்துக்கு வாங்கின வெல்லம் அடுப்படியில் இருந்தது. ஒரு எலுமிச்சங்காய் அளவுக்கு உடைத்து, சொம்பில் கரைத்து, வாளியில் ஊற்றினேன். சாணம் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் அதையும் கரைத்திருப்பேன்.

தெற்குக்காரி கதவில் சாய்ந்துகொண்டு பார்த்தாள்.

“பெரியம்மா, மீனுக்குப் பாயசமா?”

“மீனுக்கில்ல. பஞ்சுக்கு.”

“எங்க ஊர்ல சாமிக்குத்தான் வெல்லம் படைப்பாங்க. இங்கன பஞ்சுக்கு.”

“நீ ஒரு மாசம் எங்கூட வந்து நின்னிருந்தீன்னா தெரிஞ்சிருக்கும்” என்றேன். அவ்வளவு நிச்சயம் எனக்கு.

மறுநாள் காலையில் வாளித் தண்ணீர் வெள்ளையாக இருந்தது. கஞ்சி வடித்த தண்ணீர் மாதிரி. மேலே நுரை. கல்லைத் தொட்டால் விரலில் கோழை போல ஒட்டியது. குனிந்து மோந்தேன். புளித்த வாடை. மண் வாசம் கொஞ்சமும் இல்லை.

வாளிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. நிலையத்தில் லேப் பார்த்த பொண்ணு ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் சொன்னாள். கழிவுச் சக்கையைத் தின்பவை ஒரு ரகம், அவை மளமளவென்று பெருகும். மூத்திர நெடி மாதிரியான விஷத்தைத் தின்பவை இன்னொரு ரகம், அவை மெதுவானவை, ஒன்று இரண்டாவதற்கே ஒரு நாள் ஆகும். முதல் ரகம் பெருத்தால் காற்றையெல்லாம் குடித்துவிட்டு இரண்டாவதை மூச்சுமுட்ட வைத்துவிடும். நான் அன்றைக்கு ஆமாங்க, ஆமாங்க என்று தலையாட்டிவிட்டு எழுந்துபோய்விட்டேன். எங்கள் பெரிய தொட்டிக்கு வெல்லம் சரி. மீன் தொட்டிப் பஞ்சில் இருப்பது இரண்டாவது ரகம், அதற்கு வெல்லம் தீனியே அல்ல. நான் திருடனுக்குச் சோறு போட்டுவிட்டு வீட்டுக்காரனைப் பட்டினி போட்டிருக்கிறேன். சும்மா விட்டிருந்தால்கூட ஐந்து நாள் தாக்குப்பிடித்திருக்கும்.

“என்ன பெரியம்மா, முகம் இப்படி இருக்கு?”

“நான் கெடுத்துப்போட்டேன் கண்ணு. பாதிச் சனத்தைக் கொன்னுபோட்டேன்.”

அவள் கேலி எதுவும் பேசவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, “இப்ப என்ன செய்யணும், அதச் சொல்லுங்க” என்றாள்.

வெள்ளைத் தண்ணீரை முழுக்கக் கொட்டினோம். குடத்தில் பிடித்து வைத்திருந்த பழைய தண்ணீரை ஊற்றிக் கல்லை மூன்று தரம் அலசினோம். பஞ்சை அதே தண்ணீரில் மெல்ல அமுக்கி அமுக்கி, கோழை போகிற வரைக்கும் விட்டேன். மோட்டாரின் காற்று போதாதென்று, இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொம்பில் மொண்டு மேலேயிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தோம். விழுகிற தண்ணீர் தன்னோடு காற்றைக் கொண்டுபோகும்.

“டீக்கடை வெச்சா நல்லா ஓடும் பெரியம்மா, நமக்கு.”

“ஊத்து, ஊத்து. பேச்சுல காத்து வராது.”

அந்தப் பஞ்சை உடனே மீனோடு சேர்க்க எனக்குத் துணிச்சலில்லை. தனியே வைத்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து மீனின் கழிவையும் ஒற்றைப் பஞ்சு சுமக்கவேண்டும், அதுவும் தொட்டியில் பாதிகூட இல்லாத தண்ணீரில். இது நடக்குமா என்பதுதான் என் கவலையெல்லாம். தீனியை அடியோடு நிறுத்தினேன். தின்றால்தானே கழிவு.

தீபாவளி அன்று காலையில் ஊரில் மிச்சமிருந்தவர்கள் வெடி போடத் தொடங்கினார்கள். ஜன்னல் வழியே புகை வந்தது. காற்று மோட்டார் முன்னறையில் இருந்தது. அது புகையைத்தான் இழுத்துத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டிருக்கும். மோட்டாரையும் டப்பையும் வாளியையும் அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போய் ஜன்னலைச் சாத்தினோம். இழுக்கும்போது சேலையைத் தூக்கிப் பார்த்தேன். மீன்கள் ஐந்தும் மேலே வந்து வாயை வெளியே நீட்டிக் காற்றைக் குடித்துக்கொண்டிருந்தன. வெள்ளைக்கு வால் ஓரத்தில் ரத்தக்கோடு.

விஷம் ஏறிவிட்டது. ஒற்றைப் பஞ்சால் முடியவில்லை, துணைக்குச் சேர்க்க வைத்திருந்த பஞ்சை நான்தான் கெடுத்திருந்தேன்.

நாலு நாளாக மொட்டைமாடியில் திறந்து வைத்திருந்த குடிதண்ணீர் ஒரு குடம் இருந்தது, குளோரின் வாடை போயிருந்தது. அதிலிருந்து மொண்டு, டப்புத் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை மாற்றினேன். மதியம் மறுபடியும் மாற்றினேன். பஞ்சின் மேல் ஒரு துளி நேரடியாக விழாமல் சுவரோரமாக ஊற்றினேன். முழுக்க மாற்றிவிட்டால் என்ன என்று தெற்குக்காரி கேட்டாள். மாற்றினால் மீனுக்குத் திகைப்பு, பஞ்சுக்கும் தீனியில்லை. கொஞ்சம் விஷம் இருந்தால்தான் அவை பெருகும், அதிகமிருந்தால் மீன் சாகும். நடுவில் நடக்கவேண்டும். அதற்கு என்னிடம் அளவுகோல் இல்லை. மீனின் வாயையும் என் மூக்கையும் வைத்து நடந்தேன்.

மதியச் சாப்பாடு முடிந்து வந்து பார்த்தபோது வெள்ளை பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. கையில் ஏந்தி முன்னும் பின்னுமாகத் தண்ணீரில் நடத்திப் பார்த்தேன். ஒரு தடவை செவுளை அசைத்தது. அப்புறம் இல்லை.

வேப்பமரத்தடியில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்தோம். தெற்குக்காரி தன் வீட்டு முறுக்கைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். அவளும் தின்னவில்லை, நானும் தின்னவில்லை. மகன் போன் போட்டான்.

“ஏம்மா, எண்ணெய் தேச்சுக் குளிச்சயா? மீனெல்லாம் நல்லாருக்குதா?”

“நீ வாப்பா, பேசிக்கலாம்” என்று வைத்துவிட்டேன்.

சாயந்திரம் நான் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமாகவே மற்ற நான்கும் வாயைக் கீழே இறக்கின. மறுநாள் காலையில் தண்ணீர் மாற்றாமலே மதியம் வரைக்கும் தாங்கின. அதற்கு மறுநாள் சாயந்திரம் வரைக்கும். பஞ்சு பெருகுகிறது, சுமக்கப் பழகுகிறது என்று எனக்குப் புரிந்தது. வாளிப் பஞ்சைக் காலையும் மாலையும் மோந்தேன். புளிப்பு முதலில் குறைந்தது, பிறகு எந்த வாசமும் இல்லாமல் போயிற்று, மூன்றாம் நாள் லேசாக மண் வாசம். தெற்குக்காரியையும் மோந்து பார்க்கச் சொன்னேன்.

“எனக்கு ஒண்ணும் தெரியல பெரியம்மா. நனைஞ்ச பஞ்சு நாத்தந்தான் வருது.”

“அதுதாங் கண்ணு. அந்த நாத்தம் வந்தாப் போதும்.”

அன்றைக்கே அதையும் கொண்டுபோய் டப்பில் சேர்த்தேன்.

சொன்ன நாளில் மீன் கடைக்காரர் புதுத் தொட்டியோடு வந்தார். டப்பைப் பார்த்தார். நான்கு மீனையும் பார்த்தார்.

“பரவால்லீங்களே! நானு எல்லாம் போயிருக்கும்னுல்ல நெனச்சேன். அந்தப் பஞ்சைக் குடுங்க, நல்லாக் கழுவிப் புதுசா மாட்டித் தர்றன். பாக்டீரியா மருந்து பாட்டில்ல வருதுங்க, கொண்டாந்திருக்கறன், ரெண்டு மூடி ஊத்துனா…”

“பஞ்சைத் தொடாதீங்க.”

“இல்லீங்கம்மா, ரொம்ப அழுக்கு…”

“நீங்க தொட்டியை மட்டும் மட்டம் பாத்து வெச்சுட்டுப் போங்க. மத்ததை நான் பாத்துக்கறன்.”

தெற்குக்காரி என் முதுகுக்குப் பின்னால் நின்று, “அது சனமுங்க, அழுக்குன்னு சொன்னா பெரியம்மாவுக்குக் கோவம் வரும்” என்றாள். அவர் பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டார்.

அவர் போனபின் கல்லைப் பரப்பினோம், டப்புத் தண்ணீரை ஊற்றினோம், குளோரின் வாடை போன தண்ணீரைச் சேர்த்தோம். இரண்டு பஞ்சும் பெட்டிக்குள் போயின. மோட்டார் தண்ணீரை இழுத்தது. நான்கு மீனும் ஒன்றாகவே உள்ளே போயின. ஒவ்வொன்றாக விடவேண்டிய அவசியமில்லை, அவற்றின் குடித்தனம் கூடவே வந்திருக்கிறது. கொஞ்சமாகத் தீனி போட்டேன். ஐந்து நாளைக்கு அப்புறம் முதல் தீனி. நான்கும் போட்டி போட்டுக்கொண்டு தின்றன.

மறுநாள் மாலை மகன் வந்தான். பிள்ளைகள் மாடிப்படியில் ஏறிவரும் சத்தம் கேட்டது. அவன் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகத் தொட்டியண்டை போய்க் குனிந்தான். நான் அடுப்படியில் இருந்தேன். அவன் எண்ணி முடிக்கும் வரைக்கும் காத்திருக்கவேண்டாம் என்று தோன்றியது. வெளியே வந்தேன். மருமகளும் பிள்ளைகளும் இருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் நான் அவனிடம் இப்படிப் பேசினதில்லை.

“வெள்ளை செத்துப்போச்சு. தொட்டி ஒழுகுனதால இல்ல. நான் வாளியில வெல்லத்தைப் போட்டுக் கெடுத்தேன், அதனால செத்துச்சு. மிச்சம் நாலும் நல்லாருக்குது. தொட்டி இங்கதான் இருக்கும். காயலாங்கடைக்குப் போவாது.”

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். என்ன வெல்லம், எதற்கு வெல்லம் என்று அவனுக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

“நான் ஒண்ணுஞ் சொல்லலியேம்மா” என்றான். குனிந்து பார்த்து, ஸ்டாண்டின் ஒரு கால் ஆடுகிறது என்று சொன்னான். கீழே யூனிட்டுக்குப் போய் அட்டைத் துண்டு எடுத்துவந்து மடித்து அந்தக் காலுக்கடியில் செருகினான். கண்ணாடியின் மேல் கையை வைத்து அசைத்துப் பார்த்தான்.

“இப்ப ஆடல” என்றான்.